குன்றும் குவிமாடமும் – 7: நூலைக் கிழித்த நூலகர்

சென்ற இதழைப் பாப்காக்கின் பால் சோதனையோடு நிறுத்தியிருந்தோம். 1890இல் அந்தப் பேராசிரியர் நீளக் கழுத்துப் புட்டியில் பாலையும் கந்தக அமிலத்தையும் ஊற்றிச் சுழற்றினார். மேலே ஏறி நின்ற கொழுப்பைக் கழுத்தில் கீறியிருந்த கோடுகளை வைத்து அளந்து காட்டினார். தண்ணீர் கலந்தவனுக்கும் கெட்டிப் பால் ஊற்றியவனுக்கும் ஒரே விலை என்ற அநியாயம் ஒழிந்தது. அதற்குக் காப்புரிமைகூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விஸ்கான்சின் விவசாயிக்குத் தன் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் எதற்கு என்று புரியவைத்தது அந்தப் புட்டிதான்.

ஆனால் பால் கறப்பவருக்கு உதவுவது ஒன்று, சட்டம் இயற்றுபவருக்கு உதவுவது வேறு. பாலில் எவ்வளவு கொழுப்பு என்பதில் கட்சி கிடையாது. ரயில் கட்டணத்தை யார் தீர்மானிப்பது, ஆலையில் கை போனவனுக்கு யார் பணம் தருவது, வருமானத்துக்கு வரி போடலாமா என்பதிலெல்லாம் கட்சி உண்டு, பணம் உண்டு, வக்கீல் படையும் உண்டு. மேடிசன் நகரில் பாஸ்கம் குன்றின் மேல் பல்கலைக்கழகம். கிழக்கே சட்டமன்றத்தின் குவிமாடம். இரண்டையும் இணைப்பது ஸ்டேட் தெரு, சுமார் ஒரு மைல் தூரம். விஸ்கான்சின் மாநிலமான அதே 1848இல்தான் பல்கலைக்கழகமும் பிறந்தது. ஆனாலும் முதல் ஐம்பது ஆண்டுகளில் அந்தத் தெருவில் போய்வந்தது பெரும்பாலும் பணம் கேட்டு எழுதிய மனுக்களும் அவற்றுக்கு வந்த மறுப்புகளும்தான்.

இந்த நிலையை மாற்றியவர்கள் என்று வரலாற்று நூல்கள் மூன்று பெரிய பெயர்களைச் சொல்லும்: ஆளுநர் ராபர்ட் லா ஃபாலெட், பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் வான் ஹைஸ், பொருளியல் பேராசிரியர் ஜான் காமன்ஸ். மூவரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. என் கணக்கில் நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவரை விட்டுவிட்டால் மற்ற மூவரின் கதையும் நகராது.

அவர் சார்லஸ் மெக்கார்த்தி. 1873இல் மாசசூசெட்ஸின் பிராக்டனில், செருப்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பா ஆலையில் வேலை பார்த்தார். அம்மா ஆலைத் தொழிலாளர்களுக்கு விடுதி நடத்தினார். மகன் பிரௌன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முட்டி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் பேர் வாங்கினார். அங்கே உடன் படித்த நண்பர்களில் ஒருவர் எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரின் மகன். பின்னாளில் அந்த நண்பரையே விசாரித்த அரசு ஆணையத்தில் மெக்கார்த்தி ஆய்வுத் தலைவராக உட்கார வேண்டிவந்தது தனிக் கதை. 1897, 1898 ஆண்டுகளில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்துவிட்டு மேடிசனுக்கு வந்து, வரலாற்றறிஞர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னரிடம் ஆய்வு செய்து 1901இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

பட்டம் வந்தது, பேராசிரியர் பதவி வரவில்லை. கிடைத்தது சட்டமன்றக் கட்டடத்தில் அரசு ஆவணங்களை அடுக்கிவைத்துப் பட்டியல் போடும் வேலை. மாநில நூலக ஆணையத்தின் கீழ் ஒரு குமாஸ்தா வேலை என்றே சொல்லலாம். வேறொருவர் என்றால் ஒட்டடை தட்டி, எண் போட்டு, ஓய்வூதியம்வரை உட்கார்ந்திருப்பார்.

அந்தக் காலத்துச் சட்டமன்ற உறுப்பினர் யார்? விவசாயி, கடைக்காரர், மர வியாபாரி, சிற்றூர் வக்கீல். மன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும், சில மாதங்களில் கலைந்துவிடும். தொகுதியில் ரயில் கம்பெனி அடிக்கும் கொள்ளையைப் பற்றி முழங்கி ஓட்டு வாங்கி வந்தவருக்கு, அதைத் தடுக்கும் மசோதாவை எப்படி எழுதுவது என்று தெரியாது. அதை எழுதத் தெரிந்தவர்கள் கம்பெனியின் வக்கீல்கள். அவர்கள் மேடிசன் ஹோட்டல்களில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள், கேட்டால் இலவசமாகவே எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்த மசோதாவில் எந்தக் கமா நீதிமன்றத்தில் உடைந்துபோகும் என்பதும் அவர்களுக்கே தெரியும். நல்ல எண்ணத்தோடு ஓர் உறுப்பினர் தானே எழுதினாலோ, முதல் வழக்கிலேயே அது செல்லாது என்று தீர்ப்பு வரும்.

ஆவணம் தேடி அந்த உறுப்பினர்கள் வந்து நின்றது மெக்கார்த்தியின் மேஜை முன்னால். இப்படி ஒரு சட்டம் வேறு மாநிலத்தில் இருக்கிறதா, அங்கே வேலை செய்கிறதா, நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்டார்கள். அலமாரியில் இருந்த தடித்த புத்தகங்களில் இதற்கெல்லாம் பதில் இல்லை. புத்தகம் அச்சாகி வருவதற்குள் விஷயம் பழசாகிவிடும். ஆகவே மெக்கார்த்தி நூலகர் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். தேவையான பக்கங்களைப் புத்தகத்திலிருந்து கிழித்து எடுத்தார். பத்திரிகைச் செய்தி, துண்டறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, பிற மாநில அதிகாரிகள் எழுதிய கடிதம், தோற்றுப்போன பழைய மசோதா எல்லாவற்றையும் கத்தரித்துப் பொருள்வாரியாகச் சேர்த்துக் கட்டினார். குழந்தைத் தொழிலாளர் என்று கேட்டால் ஒரு கட்டு, ரயில் கட்டணம் என்றால் ஒரு கட்டு. உறுப்பினருக்குப் படிக்க நேரம் இருக்காது என்று அதன் மேல் ஒரு சுருக்கமும் வைத்தார். பிற்பாடு இதே வேலையைத் தொடங்க விரும்பிய மற்ற மாநிலங்களுக்கு அவர் எழுதிய அறிவுரையிலும் புத்தகத்தைக் கிழிக்கத் தயங்காதீர்கள் என்றே சொன்னார். நூலகர்கள் அதை எந்த முகத்தோடு படித்திருப்பார்களோ!

தகவல் தருவதோடு நிற்கவில்லை, மசோதாவையே எழுதிக் கொடுக்கும் பிரிவு ஒன்றும் அங்கே உருவானது. அதற்கு அவர் போட்ட விதிகள் கறாரானவை. கோரிக்கை எழுத்தில் வர வேண்டும், உறுப்பினர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உள்ளடக்கம் பற்றி எழுதுபவர் எந்த யோசனையும் சொல்லக் கூடாது. எந்த மசோதாவையும் ஆதரித்தோ எதிர்த்தோ வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதைக் கேட்டபடி, நீதிமன்றத்தில் நிற்கும் மொழியில் எழுதித் தருவது மட்டுமே வேலை. இந்த விதிகள் இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே அறைக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள். சமூக நீதி, கூட்டுறவு என்று பொங்கும் மனிதரான மெக்கார்த்தி தன் கருத்தை எவ்வளவு தூரம் அடக்கிவைத்திருந்தார் என்பது வேறு விஷயம். அந்த அறையிலிருந்து வந்த காகிதங்களின் நடுநிலை பற்றி எதிரிகளுக்குச் சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. ‘மசோதா தொழிற்சாலை’ என்று பட்டப்பெயரும் வைத்தார்கள்.

இடையில் 1904 பிப்ரவரி 27. விடியும் முன்னே சட்டமன்றக் கட்டடத்தில் எரிந்துகொண்டிருந்த வாயு விளக்கின் சுடர், புதிதாக வார்னிஷ் பூசிய மேற்கூரையைப் பற்றிக்கொண்டது. இப்படி ஒரு நாள் வந்தால் உதவும் என்று வைத்திருந்த பல்கலைக்கழகத்தின் நீர்த்தேக்கம் அன்று பார்த்துக் காலியாக இருந்தது. கட்டடத்துக்கான தீக்காப்பீட்டையும் சில வாரங்களுக்கு முன்தான் அரசு கைவிட்டிருந்தது. நிர்வாகம் எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் குன்றிலிருந்து மாணவர்கள் ஓடிவந்தார்கள். புகைக்குள் புகுந்து சட்ட நூலகத்தின் புத்தகங்களை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். கட்டடத்தின் பெரும்பகுதி போயிற்று. புதிய மாளிகையின் வேலை 1906இல் தொடங்கி 1917வரை இழுத்தது. இந்த அத்தியாயத்தில் வரும் பெரிய சட்டங்களில் பெரும்பாலானவை சாரம் கட்டிய சுவர்களுக்கு நடுவே, சுத்தியல் சத்தத்தில் பிறந்தவை.

அப்போது ஆளுநராக இருந்தவர் லா ஃபாலெட். அமெரிக்க மாநில ஆளுநரை நம்மூர் ஆளுநராக நினைத்துவிடக் கூடாது. அவர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர். 1901இல் பதவிக்கு வந்த லா ஃபாலெட்டும், 1903இல் பல்கலைக்கழகத் தலைவரான வான் ஹைஸும் 1879இல் ஒரே வகுப்பில் பட்டம் வாங்கியவர்கள். இருவருமே அன்றைய தலைவர் ஜான் பாஸ்கமிடம் நெறியியல் பாடம் கேட்டவர்கள். அரசு செலவில் படித்தவன் அரசுக்குக் கடன்பட்டவன் என்பதை அவர் மாணவர்கள் மனதில் ஊன்றியிருந்தார். வான் ஹைஸ் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர், பேச்சில் சுவை குறைவு. ஆனாலும் 1905இல் பத்திரிகையாளர் கூட்டத்தில் அவர் சொன்ன ஒன்று நிலைத்துவிட்டது. மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பயன் போய்ச் சேரும்வரை தனக்கு மனநிறைவு கிடையாது என்றார்.

மன்றம் கூடும் காலங்களில் சனிக்கிழமை மதியம் பேராசிரியர்களும் அதிகாரிகளும் ஆளுநரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். நிகழ்ச்சி நிரல் கிடையாது, பேச்சுதான். அடுத்த வாரம் எந்த மசோதா வருகிறது, அதில் என்ன சிக்கல் என்று பேசிக் கலைவார்கள். பதவிகளும் அப்படியே பின்னிக்கொண்டன. பேராசிரியர் பால்தசார் மேயர் 1905இல் புதிய ரயில் ஆணையத்தில் உறுப்பினரானார். பொருளியல் துறையின் தாமஸ் ஆடம்ஸ் வரி ஆணையத்துக்குப் போனார். காலையில் வகுப்பு, மதியம் ஆணையம் என்று ஸ்டேட் தெருவில் நடந்தவர்கள் பல பேர்.

அவர்களில் அதிகம் நடந்தவர் காமன்ஸ். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1899இல் வேலை போனவர். ரிச்சர்ட் ஈலி அழைத்து 1904இல் மேடிசனுக்கு வந்தார். தன் கருத்துகளுக்காக 1894இல் விசாரணைக் கூண்டில் நின்று மீண்ட அதே ஈலியைத்தான் நான்காம் அத்தியாயத்தில் பார்த்தோம். காமன்ஸ் வந்த அடுத்த ஆண்டே அரசு வேலைகளுக்குத் தேர்வு முறை கொண்டுவரும் சட்டத்தை வரைந்தார். 1907இல் மின்சாரம், எரிவாயு, குடிநீர் கம்பெனிகளை ஆணையத்தின் கண்காணிப்பில் கொண்டுவரும் சட்டத்தை எழுதினார். புத்தகத்திலிருந்து சட்டம் எழுதும் ஆள் அல்ல அவர். தொழிற்சங்கத் தலைவரையும் ஆலை முதலாளியையும் தேடிப் போய்ப் பேசுவார். இருவரும் எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பார்கள் என்று கண்டுபிடித்து அங்கே சட்டத்தை நிறுத்துவார். மாணவர்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போவார்.

1911க்கு வருவோம். பிரான்சிஸ் மெக்கவர்ன் ஆளுநர். அந்த ஒரு கூட்டத் தொடரில் விஸ்கான்சின் இயற்றிய சட்டங்களைப் பார்த்தால் இத்தனையையும் ஒரே மூச்சில் எப்படிச் செய்தார்கள் என்று திகைப்பு வருகிறது. ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்க்கலாம்.

அதுவரை ஒரு தொழிலாளியின் கை எந்திரத்தில் போனால் அவன் முதலாளி மேல் வழக்குப் போட வேண்டும். முதலாளியின் வக்கீலிடம் மூன்று அஸ்திரங்கள் இருந்தன. ஆபத்து என்று தெரிந்தேதான் வேலைக்கு வந்தாய், ஆகவே பொறுப்பு உன்னுடையது. விபத்துக்குக் காரணம் பக்கத்தில் வேலை செய்தவனின் கவனக்குறைவு, முதலாளி அல்ல. நீயும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே! மூன்றில் ஒன்று பட்டாலும் போதும், கை போனவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான். நியூயார்க் மாநிலம் இதை மாற்ற, இழப்பீட்டைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநில உயர்மட்ட நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மறுநாளே நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடை ஆலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள்.

மேடிசனில் இருந்தவர்கள் சட்டத்தை வேறு மாதிரி வரைந்திருந்தார்கள். இழப்பீட்டுத் திட்டத்தில் சேர வேண்டும் என்று எந்த முதலாளிக்கும் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் சேரலாம். சேராவிட்டால் முதலாளியின் பழைய அஸ்திரங்களில் முக்கியமானவை பறிபோகும், நீதிமன்றத்தில் நிராயுதபாணியாக நிற்க வேண்டும். கட்டாயம் இல்லாததால் சொத்துரிமையைப் பறித்தார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. மே 3 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தோற்றுப்போன மசோதாக்களையும் தீர்ப்புகளையும் கத்தரித்துக் கட்டிவைத்ததன் பலன் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது. அடுத்தவன் எங்கே விழுந்தான் என்று தெரிந்தவன் அந்தக் குழியைச் சுற்றிப் போவான்.

அதே தொடரில் தொழில் ஆணையம் பிறந்தது. ஆலைப் பாதுகாப்புக்கு இத்தனை அங்குல வேலி, இத்தனை அடி உயரம் என்று சட்டத்திலேயே எழுதினால் எந்திரம் மாறியதும் சட்டம் காலாவதியாகும். வேலையிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லட்டும், எது பாதுகாப்பு என்பதை முதலாளிகளும் தொழிலாளர்களும் உட்கார்ந்த குழுக்களோடு ஆணையம் முடிவு செய்யட்டும் என்பது காமன்ஸின் ஏற்பாடு. இரண்டு ஆண்டுகள் ஆணையத்தில் தானே உறுப்பினராகவும் இருந்தார். வருமான வரியும் அந்த ஆண்டுதான் வந்தது. ஒரு சதவீதத்திலிருந்து ஆறு சதவீதம்வரை. பிற மாநிலங்களில் இந்த வரி முன்பே தோற்றிருந்தது, ஏனென்றால் வரி மதிப்பிட்டவர் உள்ளூரில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஆள். பக்கத்து வீட்டுப் பணக்காரரை அவர் எப்படிப் பகைத்துக்கொள்வார்? விஸ்கான்சின் அந்த வேலையை மாநில வரி ஆணையத்தின் அதிகாரிகளிடம் கொடுத்தது. பணம் வந்தது.

1912இல் மெக்கார்த்தி இதையெல்லாம் ‘விஸ்கான்சின் ஐடியா’ என்ற பெயரில் புத்தகமாக்கினார். முன்னுரை தியோடர் ரூஸ்வெல்ட். மற்ற மாநிலங்களிலிருந்து ஆட்கள் மேடிசனுக்குப் படையெடுத்தார்கள். 1914இல் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்திலும் இதே மாதிரி ஒரு பிரிவு தொடங்கியது. செனட்டராகிவிட்ட லா ஃபாலெட் அதற்காகப் பாடுபட்டவர்.

இங்கே ஒரு நெருடலான பக்கத்தையும் புரட்ட வேண்டும். விழா மலர்களில் இது வராது. 1913இல் விஸ்கான்சின் சட்டமன்றம் இன்னொரு சட்டம் இயற்றியது. அரசு விடுதிகளிலும் சிறைகளிலும் இருந்த ‘மனவளர்ச்சி குன்றியவர்’, மனநோயாளி, வலிப்பு நோயாளி, குற்றவாளி ஆகியோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது அது. வதந்தியை நம்பிக் கொண்டுவந்த சட்டமல்ல இது, அறிவியல் என்று நம்பிக் கொண்டுவந்தது. வான் ஹைஸ் அதை ஆதரித்தார். சமூகவியல் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் அதற்காக வாதாடினார்.

ராஸ் யார் என்பதைப் பார்த்தால் சிக்கல் இன்னும் இறுகுகிறது. ஸ்டான்ஃபோர்டில் பேசக் கூடாததைப் பேசினார் என்று 1900இல் வெளியேற்றப்பட்டவர். 1906இல் மேடிசன் இடம் கொடுத்தது. 1910இல் அராஜகவாதி எம்மா கோல்ட்மனின் கூட்டத்தைப் பற்றி வகுப்பில் சொன்னதற்காகப் பல்கலைக்கழக ஆட்சிக் குழு அவரைக் கண்டித்தது. அதனால் கொதித்த அந்த ஆண்டு மாணவர்கள், ஈலி விசாரணையின்போது வெளியான கருத்துரிமைப் பிரகடனத்தை வெண்கலப் பட்டயமாக வார்த்துக் கொடுத்தார்கள். ஆட்சிக் குழு அதை வாங்க மறுத்தது. 1915இல்தான் அது சுவரேறியது. கருத்துரிமைக்கு அடையாளமாக நின்ற அதே ராஸ்தான், விடுதியில் அடைபட்ட பெண்களின் உடலில் கத்தி வைக்கலாம் என்றும் வாதாடினார். 1978இல் அந்தச் சட்டம் நீக்கப்படும்வரை 1,800க்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளானார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

இழப்பீட்டுச் சட்டம் வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம், கை போனவனும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடிந்தது. விடுதியில் இருந்தவர்களுக்குப் பேச யாரும் இல்லை. அவர்களுக்குச் சங்கம் இல்லை, ஓட்டு இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கொடு என்ற விதிக்கு, யாரிடம் கேட்கவே இல்லை என்று பார்க்கும் கண் கிடையாது. இந்தக் குறையை அன்று மேடிசனில் யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. பேராசிரியர்கள் மேல் அன்று எழுந்த கோபம் வேறு காரணத்துக்காக வந்தது: வரி.

சாலை, ஆணையங்கள், பல்கலைக்கழகம் என்று செலவு ஏறிக்கொண்டே போனது. ரசீது வீட்டுக்கு வந்தபோது விவசாயி முகம் சுளித்தார். 1914 தேர்தலில் மில்வாக்கி வணிகர் இமானுவேல் பிலிப் அதைப் பிடித்துக்கொண்டார். குளிர்சாதன ரயில் பெட்டிகளை வாடகைக்கு விடும் தொழில் செய்தவர், ரயில் கட்டுப்பாட்டை எதிர்த்து முன்பே புத்தகம் எழுதியவர். பல்கலைக்கழகம் அரசியலில் மூக்கை நுழைக்கிறது, மெக்கார்த்தியின் அறையை இழுத்து மூட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். ஜெயித்தார். அதே நாளில் மக்கள் முன் வைத்த பத்து அரசியல் சட்டத் திருத்தங்களையும் ஒன்று விடாமல் தோற்கடித்தார்கள். இன்னொரு பக்கம், பல்கலைக்கழகத்தைக் குடைந்து பார்க்க நியூயார்க்கிலிருந்து வில்லியம் ஆலன் என்ற நிபுணர் வந்து இறங்கியிருந்தார். அரசுக்கு நிபுணர்களை அனுப்பிய இடத்துக்கே அரசு ஒரு நிபுணரை அனுப்பியது.

1915 ஜனவரியில் பிலிப் பதவியேற்றார். மெக்கார்த்தியின் விதிகள் அப்போதும் மாறவில்லை. கையெழுத்திட்ட கோரிக்கையோடு ஓர் உறுப்பினர் வந்து, இந்த அறையை ஒழிக்கும் மசோதா ஒன்று வேண்டும் என்று கேட்டால், நீதிமன்றத்தில் நிற்கும்படி அதையும் அந்த அறைதான் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பிலிப் அந்த அறையை என்ன செய்தார், அந்த அறை பிலிப்பை என்ன செய்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)